எபியூசியோஸும் எண்ணெய்க் கணக்கும்

மத்தேயு, லூக்கா ஆகிய இரு சுவிசேஷங்களிலும் யேசு கற்பித்த ஜெபத்திலே அப்பத்துக்கு அடைமொழியாக ‘எபியூசியோஸ்’ என்றொரு கிரேக்கப் பதம் வருகிறது. அப்பம் கேட்பவன் அஃது இன்ன அப்பம் என்று தெரிந்தே கேட்பான் என்பது லோக வழக்கமாயிருக்க, இவ்வோர் அப்பத்தின் லக்ஷணத்தை மட்டும் பண்டிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் விசாரித்து வருகிறார்கள். கிரேக்கத்தைத் தாய்மொழியாகப் பேசிய ஓரிஜென் என்ற ஆசிரியரே, மூன்றாம் நூற்றாண்டில், இப்பதத்தை வித்வான்களும் வழங்கவில்லை, பாமரரும் வழங்கவில்லை, சுவிசேஷகர்களே ஆக்கிக்கொண்டதாகத் தோன்றுகிறது என்று கைவிரித்துவிட்டார்.

அவர் விட்ட இடத்தில் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இப்பதத்துள் அடங்கிய ‘ஊசியா’ என்றால் உள்பொருள். ஆகவே ஜீவனுக்கு அவசியமான அப்பம் என்றனர் சிலர். ஜெரோம் முனிவரோ, தம் லத்தீன் வேதத்தில், மத்தேயுவில் இதனைப் பொருளுக்கு அப்பாற்பட்ட அப்பமாக்கி, லூக்காவில் அன்றாட அப்பமாகவே இருக்க விட்டார். ஒரே அடுப்பில் ஒரு புறம் வேதாந்தமும் மறு புறம் சோறும் வெந்தன. எபிரேயர் சுவிசேஷத்தில் இவ்விடத்தே ‘நாளை’ என்ற சொல் இருந்ததென்றும் அவரே எழுதுகிறார். நாளைய அப்பத்தை இன்றே கேட்பது விவேகந்தான். ஆயினும் நாளைக்காகக் கவலைப்படவேண்டாம் என்ற உபதேசமும் இந்த ஜெபம் வரும் மத்தேயுவின் அதே ஆறாம் அத்தியாயத்தில் இருப்பதை என்ன செய்வது?

இவ்விதம் இலக்கணமும் தத்துவமும் களைத்துப்போன சமயத்தில் சமையற்கட்டு துணைக்கு வந்தது. எகிப்து தேசத்து ஹவாராவில் பெட்ரி என்ற புதைபொருள் ஆராய்ச்சியாளர் அகழ்ந்தெடுத்த ஏடுகளில் ஒன்று, எவனோ எழுதிய வீட்டுச் செலவுக் கணக்கு. சேஸ் என்ற ஆங்கிலப் பண்டிதர் அதனைப் படித்து 1889இல் வெளியிட்ட பாடத்தில் ‘எபியூசி’ என்ற எழுத்துக்கள் காணப்பட்டன. 1915இல் பிரைசிக்கெ என்பவரின் ஏட்டுத் தொகுதியிலும் அப்பாடம் ஏறியபின், அன்றாடப் படி என்பதே பொருளென வாதித்தவர்களுக்கு வேறு பலம் வேண்டியிருக்கவில்லை. ஏடு மட்டும் எங்கோ மறைந்துவிட்டது; பிரமாணம் கண்ணெதிரே இல்லாதபோது அதன் மீது பக்தி வளர்வது இயல்பு.

1998இல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலைப் புஸ்தகசாலையில் அவ்வேடு அகப்பட்டது. புதுக் கண்கொண்டு பார்த்தவர்களுக்கு அங்கே தெரிந்த சொல் ‘எலாயூ’; அதாவது எண்ணெய்.

கணக்கெழுதியவன் மீது எமக்குக் குறையில்லை. தான் வாங்கியது எண்ணெய் என்பது அவனுக்குத் தெரியும். எனினும், ஜெபத்திலும் அதனைத் தழுவிய நூல்களிலுமன்றி இப்பதம் இன்றுவரை வேறெங்கும் ஐயமறக் கிடைக்கவில்லையாதலால், மளிகைக் கணக்கு எழுதும் அன்பர்கள், வருங்காலப் பண்டிதர்கள் மீது கருணை வைத்து, எண்ணெய் என்பதைச் சற்றே தெளிவாக எழுதும்படி வேண்டிக்கொள்கிறோம்.