ஹார்ட் காப்பியும் கொண்டு வரவும்

இரவு பத்து மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. மயிலாப்பூர்வாசியும் ஆறாம் வகுப்பு மகளின் அப்பாவுமான இந்தக் கட்டுரையாளர் அதை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார். தமிழ் வொர்க்‌ஷீட். கோணலாக இருந்தது, ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ. கீழே உத்தரவு: "நாளை காலைக்குள் கூகுள் கிளாஸ்ரூமில் அப்லோட் செய்யவும். ஹார்ட் காப்பியும் கொண்டு வரவும்." உடனே பெற்றோர் பட்டாளம் கும்பிடு பொம்மைகளை வரிசையாக அனுப்பத் தொடங்கியது.

அலுவலக மென்பொருள்கள் பிள்ளைகளின் படிப்புக்கு எப்படியெல்லாம் கைகொடுக்கும் என்று பொறுப்பாக ஒரு கட்டுரை எழுதத்தான் அவர் உட்கார்ந்தார். அதற்கு வருவோம். முதலில் இந்த வொர்க்‌ஷீட்டின் கதை.

கபாலீஸ்வரர் தேரேறி நான்கு மாட வீதியும் சுற்றி வருவது பங்குனியில் ஒருமுறை. வொர்க்‌ஷீட் வாரம் இரண்டு முறை சுற்றுகிறது. மிஸ் அதை வேர்டில், வானவில் எழுத்துருவில் அடிக்கிறார். அந்தக் கோப்பைக் கைப்பேசியில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இருக்காது. ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் அடிதடியில் இறங்கியதுபோல் தெரியும். ஆகவே அச்செடுத்து, படம் பிடித்து, அனுப்புகிறார். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. 2010இல் தமிழக அரசே, எங்கும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாறச் சொல்லி ஆணை போட்டது. அந்தச் சேதி ஆறாம் வகுப்பு 'பி' பிரிவை இன்னும் எட்டவில்லை.

படம் அப்பாவிடம் வருகிறது. அப்பா கச்சேரி சாலை ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார். "வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன் தம்பி." தம்பி பழைய மானிட்டரில் தேடுகிறார். மேலே யாருடைய ஆதாரோ, கீழே யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ, நடுவில் மங்கலாக வேற்றுமை உருபுகள். "போட்டோவா வந்திருக்கு சார், குவாலிட்டி போயிடும். டாகுமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க." இந்தச் சங்கிலி முழுவதிலும் மென்பொருள் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை.

மகள் பேனாவால் பதில் எழுதுகிறாள். அதை ட்யூப்லைட் வெளிச்சத்தில், தன் தலை நிழல் விழாதபடி உடம்பை வளைத்து, அப்பா ஸ்கேன் செய்கிறார். பிடிஎஃப் ஆக்கி அப்லோட் செய்கிறார். 'டர்ன்டு இன்' என்று வருகிறது. மறுநாள் மிஸ் திருத்துவது ஹார்ட் காப்பியைத்தான், சிவப்புப் பேனாவால். திருத்திய தாளை நோட்டில் ஒட்ட வேண்டும். ஒட்டியதற்குச் சான்றாக நோட்டைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும். தேர் நிலைக்கு வந்துவிட்டது.

மிஸ்ஸைத் திட்டுவது சுலபம். 2020இல் பள்ளிகளை மூடியபோது பல ஆசிரியர்களின் கையில் இருந்தது சொந்த போன், சொந்தக் காசில் போட்ட டேட்டா, அவ்வளவுதான். ஆனாலும் எரிச்சல் எரிச்சல்தான். பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கும் ஐஐடி மெட்ராஸ், அதே 2020இல் ஒரு பட்டப்படிப்பையே ஆன்லைனில் அறிவித்தது. அந்த வளாகத்துக்குள் இருக்கும் வன வாணி பள்ளியில் படித்த சுந்தர் பிச்சையின் நிறுவனத்துச் சரக்குதான் 2014இல் வந்த இந்த கிளாஸ்ரூம். ஊர்க்காரர் கம்பெனி என்ற ரோஷத்துக்காவது ஒழுங்காகப் பயன்படுத்தியிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரே கோப்பில் பலர் சேர்ந்து எழுதும் வசதி. கூகுள் டாக்ஸில் ஒரே நேரத்தில் நூறு பேர் வரை திருத்தலாம். போன மாதம் மகளின் குழுவுக்கு அடையாறு முகத்துவாரம் பற்றி ஸ்லைடு தயாரிக்கும் வேலை வந்தது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று நான்கு வீடுகள், ஒரே கோப்பு. இதுவல்லவா கூட்டுக் கற்றல் என்று கட்டுரையாளரும் பூரித்தார்.

அந்தக் கோப்பில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' என்றொரு வசதி உண்டு. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று வண்ணம் வண்ணமாகப் போட்டுக் கொடுத்துவிடும். ஆசிரியர்கள் அதைத் திறப்பதில்லை. வேலையற்ற அப்பாக்கள் திறக்கிறார்கள். மொத்தப் பாடத்தையும் தி.நகர் அம்மா ஒருவர் நள்ளிரவு தாண்டி ஒட்டியிருந்தார். அடையாறு அப்பா, முகத்துவாரம் தன் பேட்டைக்குச் சொந்தம் என்ற உரிமையில், ஒரு படத்தைப் பெரிதாக்கியிருந்தார். மகளின் பங்களிப்பு, தலைப்பை ஊதா நிறமாக்கியது. இன்னொரு பிள்ளை அதைச் சிவப்பாக்க, இவள் மறுபடி ஊதாவாக்க, அந்தப் போர் ஒரு மாலை முழுக்க நடந்திருக்கிறது.

கமென்ட் பெட்டியும் காலியாக இல்லை. மூன்றாவது ஸ்லைடில், சதுப்புநிலத் தாவரங்களுக்குப் பக்கத்தில், ஒரு குழந்தை கேட்டிருந்தது: "சண்டே பர்த்டே பார்ட்டிக்கு சமோசாவா, பப்ஸா?" மற்ற மூவரும் உடனே பதில் எழுதி, காரணம் சொல்லி, மறுத்து, வாக்கெடுத்து, பப்ஸ் என்று முடித்திருந்தார்கள்.