கரையில் நின்று நீந்துவது எப்படி?

உங்கள் பிள்ளைக்கு நீச்சல் தெரியும். உங்களுக்குத் தெரியாது. ஆகவே போட்டி நடத்த உங்களைவிடத் தோதான ஆள் கிடையாது.

நம்ம ஆம்பூர்ப் பக்கம் இதற்கு விண்ணப்பம், படிவம் எல்லாம் இல்லை. மாவட்டப் போட்டிக்கு வந்திருக்கும் பி.டி. மாஸ்டர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் கூட்டத்தைப் பார்த்து, "சார், சும்மாதானே நிக்கிறீங்க, கொஞ்சம் இப்படி வாங்க" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் விடியற்காலையிலிருந்து முன்வரிசையில் சும்மா நிற்கிறீர்கள். கழுத்தில் தன்னார்வலர் அட்டை விழுந்ததும் கீழ்க்கண்டபடி நடந்துகொள்ளுங்கள்.

1. முதலில் சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். மாநிலப் போட்டிக்கு வேளச்சேரி என்று வையுங்கள். 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய நீச்சல் வளாகம். ஆம்பூரிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போய்ப் பிள்ளைக்கு வாழைப்பழமும் குளுக்கோஸ் தண்ணீரும் கொடுத்தால் ஊர் என்ன பேசும்? டிபன் கேரியரைத் திறங்கள். சீரக சம்பா பிரியாணி, எண்ணெய்க் கத்தரிக்காய், தயிர்ப் பச்சடி. ரேஸுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது ஆரம்பித்தால் சரியாக இருக்கும். "ரெண்டே வாய், தெம்பா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே எட்டு வாய் ஊட்டுங்கள்.

(டவல், ஃபிளாஸ்க், காகிள்ஸ், மாற்றுத் துணி, தம்பிப் பாப்பா ஆகியவை உங்கள் மனைவியின் கையில் இருக்கும். அதற்கு யாரும் அட்டை மாட்டுவதில்லை.)

2. அடுத்து ஸ்டாப்வாட்ச். கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் லேனையே கேட்டு வாங்குங்கள்.

கையால் நேரம் எடுக்கும் போட்டியில் முறைப்படி ஒரு லேனுக்கு மூன்று பேர். இரண்டு வாட்ச் ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் நடுவில் உள்ளதை எடுப்பார்கள். பாசத்தில் நீங்கள் மூன்று நொடி குறைத்து எழுதினால் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எனவே பதறாதீர்கள். பக்கத்தில் இருக்கும் இருவரும் என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். ஒருவர் 34.12, இன்னொருவர் 34.50 என்றால் நீங்கள் 34.13 எழுதுங்கள். இதற்குப் பெயர்தான் நடுநிலை.

50 மீட்டர் குளத்தில் 50 மீட்டர் ரேஸ் என்றால் இன்னும் விசேஷம். பிள்ளைகள் குதிப்பது அந்தக் கரையில். நீங்கள் நிற்பது முடிகிற கரையில். விசில் சத்தம் உங்கள் காதுக்கு வந்து சேரவே 0.15 நொடி பிடிக்கும். விவரம் தெரிந்தவர்கள் விளக்கு மின்னுவதைப் பார்த்து அமுக்குவார்கள். நீங்கள் காதை நம்புங்கள். விசிலைக் கேட்டு, "ஓ, விட்டுட்டாங்களா" என்று ஊர்ஜிதம் செய்துகொண்டு, அப்புறம் அமுக்குங்கள். 2008 பெய்ஜிங்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 100 மீட்டர் பட்டர்ஃபிளையை ஜெயித்தது 0.01 நொடியில். நின்ற இடத்திலிருந்தே நீங்கள் அதுபோல் பதினைந்து மடங்கை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

யாராவது வம்புக்கு வந்தால் 1960 ரோம் ஒலிம்பிக்ஸை எடுத்துவிடுங்கள். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கு மூன்று வாட்ச்சும் 55.0, 55.1, 55.1 காட்டின. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டுக்கு மூன்றுமே 55.2. தங்கம் டெவிட்டுக்குப் போனது. கண்ணால் பார்த்த நடுவர்கள் பாதிக்குப் பாதி பிரிய, தலைமை நடுவர் அப்படிச் சொன்னார். ஒலிம்பிக்ஸிலேயே வாட்ச் எடுபடவில்லை, காட்பாடியிலா எடுபடும்?

3. "டேக் யுவர் மார்க்ஸ்" என்றதும் குளமே மூச்சை அடக்கிக்கொள்ளும். கத்துவதற்கு இதைவிட நல்ல நேரம் அமையாது. "ஏறுடா கண்ணா!" என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிடுங்கள். உங்கள் பிள்ளைக்கு இது பழகிப்போனது, அசையமாட்டான். பக்கத்து லேன் பையன் தண்ணீரில் விழுவான். சிக்னலுக்கு முன் கிளம்பினால் டிஸ்குவாலிஃபை. இரண்டாம் வாய்ப்பு என்ற பேச்சே இப்போது கிடையாது. அந்தப் பையனின் அப்பா நாலாவது லேனில் ஸ்டாப்வாட்ச் வைத்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்காதீர்கள்.

4. பெயர் கூப்பிடும் மேஜையில் போட்டுவிட்டால் மைக்கை வாங்கி, "ஹரிஷ்!" என்று மட்டும் சொல்லுங்கள். ஐந்து ஹரிஷ் ஓடிவரும். இனிஷியல் கேட்காதீர்கள். நேரம் வீணாகும்.

5. திருப்பத்தைப் பார்க்கும் வேலை கிடைத்தால் கண்டிப்பாக இருங்கள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் இரண்டு கையும் ஒரே சமயத்தில் சுவரைத் தொட வேண்டும். ஒற்றைக் கையால் தொட்ட வாணியம்பாடிப் பையனுக்கு உடனே கையைத் தூக்குங்கள். குடியாத்தம் பையனுக்கும் தூக்குங்கள். உங்கள் மகன் ஒற்றைக் கையோடு வருகிறான் என்றால் அந்த நேரம் பார்த்து ஷூ கம்பெனியிலிருந்து போன் வரும். எடுத்துப் பேசுங்கள். ஷிப்மென்ட் முக்கியம்.

6. 1500 மீட்டர் என்றால் முப்பது நீளம். மிச்சம் எத்தனை என்று அட்டை காட்டுவது உங்கள் வேலை. தண்ணீருக்குள் பிள்ளை சரியாகத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். நீங்கள் பக்கத்தில் இருப்பவரோடு வெட் ப்ளூ தோல் விலையைப் பேசிக்கொண்டே 7 என்பதை இரண்டு தடவை காட்டுங்கள். குழந்தைகளுக்குச் சகிப்புத்தன்மை வேண்டும்.

7. டைவிங் பக்கம் உங்களை யாரும் கூப்பிடமாட்டார்கள். நீங்களே போங்கள். தோல் பதனிடும் ஷாப்பில் பதினெட்டு வருஷம் செலக்ஷன் பார்த்த கண் உங்களுடையது. தோலை மேஜையில் விரித்து, வெளிச்சத்தில் சாய்த்து, கட்டை விரலால் அழுத்தி, உண்ணிக் கடி எங்கே, கத்தி பட்ட வெட்டு எங்கே, முள் கீறல் எங்கே என்று மூன்று நொடியில் சொல்பவர் நீங்கள். ஒரு சிறுமி பலகையிலிருந்து கிளம்பித் தண்ணீரைத் தொடுவதற்கும் அதற்குக் குறைவான நேரம்தான்.

ஐந்து நடுவர்கள் பத்துக்கு அரை அரையாக மார்க் போடுவார்கள். மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் கழித்துவிட்டு, மிச்சம் மூன்றையும் கூட்டி, டைவின் கடினத்தால் பெருக்குவார்கள். இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு வேண்டாம். அவள் வயிறு சிவக்கக் கரையேறும்போது, "ரிஜெக்ஷன் பீஸ்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லுங்கள். நீங்கள் டைவ் அடித்த ஒரே இடம் மாமா வீட்டுக் கிணறு. அதுவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, லாரி டியூபுக்குள். அதைச் சொல்ல வேண்டாம்.

8. பாலாற்றைச் சொல்லுங்கள். பிள்ளை நடுங்கிக்கொண்டு பிளாக் அருகே நிற்கும்போது, "நாங்கள்லாம் கோச்சா வச்சிருந்தோம்? பாலாத்துல நீஞ்சினவன்டா உங்கப்பன்" என்று ஆரம்பியுங்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆற்றில் தோல் கழிவு கலப்பதைப் பற்றித் தீர்ப்பு எழுதியபோது உங்களுக்கு 13 வயது. நீங்கள் பார்த்ததெல்லாம் மணலும் நுரையும். பரவாயில்லை, பையன் சரித்திரப் பாடத்தில் வீக்.

அது போதவில்லை என்றால் குற்றாலீஸ்வரனைக் கூப்பிடுங்கள். 1994-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது அவருக்கு 12 வயது. உங்கள் பையனுக்குப் பத்து. "இன்னும் ரெண்டே வருஷம்டா" என்று முதுகில் தட்டுங்கள். பலமாகத் தட்ட வேண்டாம். எட்டு வாய் உள்ளே இருக்கிறது.

9. தட்டிவிட்டீர்கள். சீரக சம்பா மூன்றாவது லேனில் மிதக்கிறது. பிள்ளைகள் எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டார்கள், போட்டி நின்றுவிட்டது, மைக்கில் "இது யாரு பையன்?" என்று கேட்கிறார்கள். அட்டையைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று அந்த 1996 தீர்ப்பு அழுத்திச் சொன்னது நம்ம வேலூர் வழக்கில்தான். ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் அப்போது 10,000 ரூபாய் அபராதம். இன்றைய விலைக்கு ஒரு டிபன் கேரியருக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். குளோரின் டப்பாவைத் தூக்க ஓடுங்கள். முதல் ஆளாக ஓடுகிறவரை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

10. சாயங்காலம் சான்றிதழ் கொடுப்பார்கள். பிள்ளையினுடையதைக் காரின் டேஷ்போர்டில் வையுங்கள். வெயிலூர் வெயிலில் ஒரு வாரத்தில் எழுத்து மங்கிவிடும், பங்கேற்புச் சான்றிதழ்தானே. உங்களுடையதைக் கையோடு லேமினேட் செய்யுங்கள். அதற்கு முன்னால் பெயரைச் சரிபாருங்கள். "ஹரிஷின் தந்தை" என்று போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எழுதச் சொல்லுங்கள்.