குடைக் கிராக்கி: மாம்பலம் படிக்கட்டில் ஒரு கள ஆய்வு

பொருளாதாரப் பாடநூல்கள் ‘தேவை’ என்கின்றன. மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டின் கீழே குடை விற்கும் அண்ணன் அதைக் ‘கிராக்கி’ என்கிறார். பாடநூலில் தேவை வேறு, தேவைப்படுகிறவர் வேறு. அண்ணன் அகராதியில் இரண்டுக்கும் ஒரே சொல். ‘இன்னிக்குக் கிராக்கி இல்ல’ என்பதும் கிராக்கிதான், ‘தோ ஒரு கிராக்கி வருது’ என்பதும் கிராக்கிதான். இரண்டாவது கிராக்கி பெரும்பாலும் நான். இந்தச் சொற்சிக்கனத்தை வியந்து தொடங்கியதே இவ்வாய்வு. வீட்டில் ஏற்கெனவே ஏழு குடைகள் இருப்பதற்கும் ஆய்வுக்கும் சம்பந்தமில்லை என்பது என் கருத்து. அதுதான் ஆய்வே என்பது என் மனைவியின் கருத்து.

இத்துறைக்கு முன்னோடி உண்டு. வில்லியம் ஸ்டான்லி ஜெவான்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1870களில், இங்கிலாந்தின் வணிக நெருக்கடிகளுக்குக் காரணம் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் என்று ஒரு முடிவுக்கு வந்தார். அவர் கணக்கில் புள்ளிகள் சுமார் பத்தரை ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். அதற்கேற்ப இந்தியாவில் மழை, மழைக்கேற்ப விளைச்சல். விளைச்சல் பொய்த்தால் இங்குள்ளவன் சீமைத்துணி வாங்கமாட்டான்; அங்கே வியாபாரம் படுத்துவிடும். அதே காலத்தில், 1877இல், டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி சூரியப் புள்ளிகளோடு பொருத்திப் பார்த்தது வேறெந்த ஊர் மழையையும் அல்ல, நம் சென்னை மழைக் கணக்கைத்தான். பின்னால் வந்தவர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்து ஜெவான்ஸைக் கைவிட்டார்கள். அவர் செய்த பிழை ஒன்றே ஒன்று என்பேன்: சூரியன் வரை போனது. மாம்பலம் படிக்கட்டு வரை வந்திருந்தால் போதும்.

நம் இலக்கணிகள் அவருக்கு முன்பே பொழுதையும் பொருளையும் முடிச்சுப் போட்டவர்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். கூதிர் குறிஞ்சிக்கு உரியது. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். ஒரே குடைக்குள் தோள் உரசி உஸ்மான் சாலையைக் கடக்கும் இளம் ஜோடிகளை வைத்துப் பார்த்தால் இது சரியாகவே வருகிறது. ஆனால் அதே மழையில், அதே நேரத்தில், ரயில் நிலையக் கூரையடியில் மழை விடட்டும் என்று நிற்கும் இருநூறு பேர் செய்வது இருத்தல். அது முல்லை. ஆக, குடை உள்ளவன் குறிஞ்சியிலும் இல்லாதவன் முல்லையிலும் இருக்கிறான். இடையில் பத்தடி தூரம். திணை மயக்கத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அந்தப் பத்தடியில்தான் அண்ணன் கடை விரித்திருக்கிறார்.

கடை என்றால் நான்கடி பிளாஸ்டிக் விரிப்பு. காலையில் அதில் கூலிங்கிளாஸ், கைக்குட்டை, தொப்பி. பின்னால் வாய் கட்டிய சாக்கு மூட்டை. துறைமுகத்தில் டாப்ளர் ரேடார் இருக்கிறது. அண்ணனுக்குக் கழுத்து இருக்கிறது. அக்டோபரில் கிழக்கே திரும்பிப் பார்ப்பார், ஏனென்றால் வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து வரும். ஜூன், ஜூலையில் சாயங்கால இடி மழைக்கு மேற்கே பார்ப்பார். பார்த்த பின் அவசரமே படாமல் விரிப்பின் நான்கு முனைகளையும் பிடித்து மேல்நோக்கித் தூக்குவார். கூலிங்கிளாஸ் அத்தனையும் ஒரே குவியலாக உள்ளே போய்விடும். சாக்கு அவிழும். வெயில்கடை மழைக்கடையாக மாற ஒரு பீடி அணையும் நேரம்கூட ஆவதில்லை. பேரங்காடிகளில் இதற்குத் தனித் துறையும், கண்ணாடி அறையும், வாராந்தரக் கூட்டமும் உண்டு.

விலைப் போக்கைப் பார்ப்போம். மேகம் மட்டும் என்றால் குடை 150 ரூபாய். தூறலுக்கு 200. கொட்டினால் 250. விட்டபின் 120, அதுவும் நாம் போகிற போக்கில் கூப்பிட்டுச் சொல்வது. ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

‘என்னண்ணே, நேத்து நூத்தம்பதுன்னீங்க?’

‘நேத்து மழையா பெஞ்சுது சார்?’

ஜெவான்ஸ் பக்கம் பக்கமாக எழுதியது இந்த ஒரு வரியில் அடங்கும்.

ஆனால் இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு விலை அல்ல. மழை பெய்வதால் யாரும் குடை வாங்குவதில்லை என்பதுதான். முதல் சொட்டு விழும்போது கூரையடியில் நிற்கும் ஒவ்வொருவரும் ‘இப்ப விட்டுடும்’ என்கிறார்கள். உலர்ந்தவன் வாங்கமாட்டான். தலை நனைந்தால் யோசிக்கிறான். சட்டைப் பை நனைந்தால் விலை கேட்கிறான். பைக்குள் செல்போன் ஈரமானால் பேரம் பேசாமல் வாங்குகிறான். முழுக்க நனைந்தவன் மறுபடி வாங்கமாட்டான். ‘இனிமே என்னத்த’ என்று அமைதியாகத் தண்ணீரில் இறங்கி நடக்கிறான். ஆக, கழுத்துக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட நனைவில்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது. மில்லிமீட்டரில் அளக்கும் வானிலை ஆய்வு மையத்திடம் இந்த அளவுகோல் கிடையாது.

குடைக்கு நனைய வேண்டும். ரொட்டிக்கு அதுகூட வேண்டாம், அறிவிப்பே போதும். 2024 அக்டோபர் 16ஆம் தேதிக்குச் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது. முந்தைய நாள் செவ்வாய்க்கிழமை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் வேறென்ன செய்யும்? வேளச்சேரிப் பாலத்தின் மேல் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. எங்கள் தெருக்கடையில் பால் தீர்ந்தது, பிறகு ரொட்டி, பிறகு மெழுகுவத்தி, கடைசியாக ஒருவரும் வழக்கமாகத் தொடாத ஓட்ஸும் தீர்ந்தது. நான் ரொட்டி நான்கு பாக்கெட் வாங்கினேன். புதன்கிழமை பார்த்தால் வெயில். தாழ்வு மண்டலம் வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது. சனிக்கிழமை வரை எங்கள் வீட்டில் ரொட்டி உப்புமா.

மற்ற சரக்குகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சென்னையில் ஜனவரி விடியற்காலை 20, 21 டிகிரி இருக்கும். அந்தக் குளிருக்கு மங்கி குல்லாய் மாட்டி, மேலே மஃப்ளர் சுற்றி, பால் வாங்க வரும் மாமாக்களை நம்பித்தான் திபெத்தியர் ஸ்வெட்டர் கடைகள் ஆண்டுதோறும் வருகின்றன. இது வெப்பமானி சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல; மாதப் பெயர் சம்பந்தப்பட்டது. மார்கழி என்றால் குளிரும். நுங்கு மட்டும் விதிவிலக்கு. வெயில் ஏறும்போது கிராக்கியும் சரக்கும் ஒரே மரத்திலிருந்து சேர்ந்தே இறங்குகின்றன. பனைமரம் யாரிடமும் முன்கணிப்பு கேட்டதில்லை.

கருதுகோளைச் சோதிக்காமல் ஆய்வு நிறைவுறாது. கிராக்கி அறவே இல்லாதபோது விலை அடிமட்டத்தில் இருக்க வேண்டும் அல்லவா? பிப்ரவரியில், வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லாத ஒரு மத்தியானம், படிக்கட்டில் இறங்கிப் போய்க் குடை கேட்டேன். அண்ணன் முதலில் கிழக்கே பார்த்தார். மேற்கே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

‘எதுக்கு சார்?’

‘சும்மா, வாங்கி வச்சுக்கலாம்னு.’

‘மூட்டை வீட்ல பரண் மேல கெடக்கு சார். ஐப்பசில வாங்க.’ சொல்லிக்கொண்டே ஒரு தொப்பியை உதறி என் தலையில் வைத்து, சின்னக் கண்ணாடியையும் காட்டிவிட்டார். ‘வெயிலுக்கு இது போதும். எம்பது ரூபா.’

தொப்பி நன்றாகவே இருக்கிறது. எட்டாவது குடையை ஐப்பசியில் அவரிடமே 250 ரூபாய்க்கு வாங்கினேன். பேரம் பேசவில்லை, செல்போன் ஈரமாகியிருந்தது.