ஈப்போவில் ஓர் இராத்திரி உலா

புந்தோங், ஈப்போ, மலேசியா.

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம். எட்டயபுரத்தில் தாங்களும் அக்காவும் குழந்தைகளும் க்ஷேமமாயிருப்பதற்கு எழுதவும்.

"அந்நிய தேசத்தில் இராத்திரியெல்லாம் என்ன செய்கிறாய்?" என்று தாங்கள் கேட்டிருந்ததில் விசாரமும் சந்தேகமும் சமபாகமாகக் கலந்திருந்தன. முன்னொரு காலத்தில் ரப்பர்ப் பால்மரக் காடாக இருந்து இப்பொழுது செம்பனைக் காடாகிவிட்ட தோட்டத்தில் பகலெல்லாம் கணக்கெழுதிவிட்டு, இரவில் கொசுவோடு யுத்தம் செய்து உறங்குகிறேன் என்று எழுதினால் தாங்கள் நம்பப்போவதில்லை. ஆகையால் 'பழைய நகரமும் இராத்திரி வாழ்க்கையும்' என்று விளம்பரம் செய்திருந்த ஓர் உலாவுக்குச் சென்ற சனிக்கிழமை எண்பது ரிங்கிட் கட்டிச் சேர்ந்துவிட்டேன்.

ரயில் நிலையத்து வாசலில் ஆரம்பம். ஹப்பாக் என்ற ஆங்கிலேயர் வரைந்து 1917-இல் பூர்த்தியான அந்த வெண்ணிற மாளிகையின் கும்மட்டங்களை அண்ணாந்து பார்த்த மாத்திரத்தில், எங்கள் கோஷ்டியில் ஒருவர் தாம் மொரோக்கோவில் மராக்கேஷுக்குப் போய்வந்த பிரதாபத்தைத் தொடங்கி, அங்கே பழைய நகரத்துச் சதுக்கத்தில் பொழுது சாய்ந்த பிறகுதான் கதை சொல்லுகிறவர்களும் வாத்தியக்காரர்களும் கூடுவார்கள் என்று வர்ணிக்க, நாங்களும் ஆசையோடு நடந்தோம்.

அடுத்தது மணிக்கூண்டு. இந்தப் பேராக் மாநிலத்தின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்து, 1875-இல் பாசிர் சாலாக்கில் ஆற்றோரம் குளிக்கையில் குத்திக் கொல்லப்பட்ட பர்ச் துரையின் ஞாபகார்த்தமாக 1909-இல் எழுப்பியது. அந்தக் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட மகாராஜா லேலா, டத்தோ சாகோர் இருவருடைய நாமங்களையும் சுற்றுப்புற வீதிகளுக்குப் பிற்காலத்தில் சூட்டியிருக்கிறார்கள். செத்தவருக்குக் கோபுரம், கொன்றவர்களுக்குத் தெரு! கட்டபொம்மன் விவகாரத்தில் ஊர்ப்பேர் கெட்டுப்போன எட்டயபுரத்தான் இதைப் பற்றி மேலே பேசுவது உசிதமல்ல என்று வாயை மூடிக்கொண்டேன்.

இனி வரும் பாராவை அக்காவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். தகரச் சுரங்கத்தில் சம்பாதித்த யாவ் தெட் ஷின் என்ற சீனத் தனவந்தர் தம் மனைவியருக்கு மூன்று சந்துகளைப் பங்கிட்டுக் கொடுத்தாரென்றும், அவற்றுள் லோரோங் பங்லிமா வைப்பாட்டியின் பாகத்துக்கு விழுந்ததென்றும் ஐதிகம். இன்றும் அதற்கு வைப்பாட்டிச் சந்து என்றே பெயர். மனம் படபடக்க உள்ளே நுழைந்தால், சாயப் பாகு ஊற்றிய ஐஸ் உருண்டையும் பிளாஸ்டிக் பொம்மையும் விற்கிறார்கள். கூட வந்த பாட்டி, சுங்கை சிப்புட் பக்கத்தில் பால் வெட்டியே முதுகு வளைந்தவர், "எங்க காலத்துல இந்தச் சந்துப் பக்கம் தலை வச்சுப் படுத்தாலே அப்பா காலை ஒடிச்சிருவாரு. இதுக்கா தம்பி?" என்றார்.

வெள்ளைக் காப்பியும் குடித்தோம். நிறம் செம்மண்தான். கொட்டையை மார்ஜரினில் வறுத்து, டின் பால் சேர்க்கிறார்கள். அக்காவின் டிகிரி காப்பிக்கு அது ஒன்றுவிட்ட உறவுகூட ஆகாது.

அதற்குள் பழைய நகரத்துக் கடைகளெல்லாம் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டுவிட, இராத்திரி வாழ்க்கை எங்கே என்று மராக்கேஷ்காரர் அதட்ட, வழிகாட்டி எங்களைக் கிந்தா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் புதிய நகரத்தின் இரவுச் சந்தைக்கு ஓட்டிச் சென்றார். பனியன், கைக்கடிகாரம், செருப்பு. அவற்றின் கடைசியில், பெட்ரோமாக்ஸ் போன்ற ஒரு பிரகாசமான விளக்கின் கீழே, முறுக்கும் ஓமப்பொடியும் வறுத்த கடலையுமாக ஒரு தள்ளுவண்டி. இங்கே இந்தத் தின்பண்டங்களுக்குக் கச்சாங் பூத்தே என்று பெயர். வண்டிக்காரர் காகிதத்தைச் சுருட்டி, கூம்பின் நுனியை ஒரு திருகு திருகி, விளிம்பு வரையில் நிரப்பி, மேலே இன்னொரு சிட்டிகை கொசுறு போட்ட லாகவத்தைக் கண்டு எனக்கு நம் கடைத்தெரு ஞாபகம் வந்துவிட்டது.

"எந்த ஊரு தம்பி?" என்றார்.

"எட்டயபுரம்."

"எங்க தாத்தாவும் அங்கேருந்து வந்தவருதான்."

விசாரித்ததில், புந்தோங்கில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. எண்பது ரிங்கிட் கட்டாமலே பார்த்திருக்கலாம்.

ஊருக்கு வரும் நண்பரிடம் அரைக் கிலோ முறுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உப்புச் சற்றுத் தூக்கல் என்பது என் அபிப்பிராயம்; அக்கா ருசி பார்த்து என்ன சொல்லுகிறாள் என்று மறுதபாலில் எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்