வெந்நீர்ப் பை தர்மகர்த்தா

கோயில் சொத்தைத் தம்முடையது என்று அனுபவிக்கவும் மாட்டாமல், பிறருடையது என்று விட்டுக்கொடுக்கவும் மனமில்லாமல், சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு காலம் தள்ளும் தர்மகர்த்தாக்களை நாம் அறிவோம். அந்த மனோபாவம் அட்சரம் பிசகாமல் அமைந்திருந்தும், பரிபாலனம் செய்யக் கோயில் ஒன்று மாத்திரம் வாய்க்காமற் போன மனிதர் ஒருவர் நம் ஊர்த் தெரு ஒவ்வொன்றிலும் வாசம் செய்கிறார். கோயிலுக்குப் பதிலாக அவருக்குக் கடவுள் அருளியிருப்பது ரப்பரால் ஆன ஒரு வெந்நீர்ப் பை.

சர்க்கார் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து, தம் கையெழுத்து விழாமல் ஒரு குண்டூசிகூட இடம்பெயராது என்ற பெருமையோடு ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற மறுமாதமே இடுப்பில் ஒரு பிடிப்பு வந்தது. வைத்தியர் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். பிடிப்பு சில தினங்களில் அவரை விட்டது. பையை அவர் விடவில்லை. அனுமதி கேட்டு ஒருவரும் வாராத திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கு, தெருவில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு வஸ்து தம்மிடம் இருக்கிறது என்பதும், வலி என்பது எல்லார் வீட்டுக்கும் என்றாவது ஒருநாள் வந்தே தீரும் என்பதும் ஏககாலத்தில் புலப்பட்டிருக்க வேண்டும்.

அவர் பை வாங்கும் வைபவத்தைக் கண்ட மருந்துக் கடைக்காரர் ஆயுள் உள்ளவரை அதை மறக்க மாட்டார். கடையில் உள்ள பைகள் அனைத்தையும் மேஜைமேல் வரிசையாக வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் முகர்ந்து, கழுத்தை வளைத்து மயிரிழை வெடிப்பு ஏதேனும் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வயிற்றை அழுத்தி விட்டு உட்சுவர்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிகின்றனவா என்று சோதித்து, திருகு மூடியைக் கழற்றி அதன் வாஷர் நசுங்கியிருக்கிறதா என்று நகத்தால் நெருடி, ஒரு புறம் வரிவரியாக மேடு கட்டியிருந்தால்தான் சூடு உடம்பில் ஒரேயடியாக இறங்காது என்று பக்கத்தில் தலைவலி மாத்திரைக்காக நிற்பவருக்கு உபதேசமும் செய்து முடித்த பிறகு, பிறந்த தேதியைத் தேடத் தொடங்குவார். பிரிட்டிஷ் தரநிலையை அனுசரித்துச் செய்த பைகளில் கழுத்தருகே பூப்போன்ற ஒரு வட்டம் இருக்கும். நடுவில் உள்ள எண் ஆண்டையும், சுற்றியுள்ள 12 இதழ்கள் மாதங்களையும் குறிக்கும்.

"சார், நேற்றுத்தான் வந்த சரக்கு" என்பார் கடைக்காரர்.

"உம்முடைய கடைக்கு நேற்று வந்தது. உலகத்துக்கு எப்போது வந்தது என்று கேட்கிறேன்."

ரப்பர் உபயோகப்படுத்தாமலே முதுமை அடையும் பொருள் என்பதும், வாங்கி இரண்டு வருஷம் ஆனால் பையை மாற்றிவிடுவதே உசிதம் என்பதும் அவருடைய சித்தாந்தம். ஆயினும் பழைய பையை எறிய மனம் வராது. காலாவதியான பை மூலவராக அலமாரிக்குள்ளேயே எழுந்தருளியிருக்கும். புதியது உற்சவராகத் தெருவில் புறப்பாடு செய்யும்.

அந்தப் புறப்பாடு எளிதில் நடந்துவிடுவதன்று. எதிர்வீட்டுப் பையன் ஓடிவந்து, "தாத்தா, அம்மாவுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு, பையைக் கொஞ்சம் வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"உட்கார். பிடித்தது எப்போது?"

"காலையிலே, தாத்தா."

"குனியும்போதா, நிமிரும்போதா? கீழே விழுந்தாளா? வீக்கம் உண்டா? வீக்கம் இருந்தால் முதல் இரண்டு நாள் குளிர்ச்சிதான் வைக்க வேண்டும். சூடு காட்டினால் வீக்கம் அதிகமாகும். வயிற்று வலி ஒன்றும் இல்லையே? காரணம் தெரியாத வயிற்று வலிக்குப் பை கொடுக்கிற வழக்கம் இந்த வீட்டில் கிடையாது. குடல்வால் அழற்சியாக இருந்தால் சூடு விபரீதமாகிவிடும். நேரே டாக்டரிடம் போக வேண்டும்."

பையன் எல்லாவற்றுக்கும் இல்லை என்று சத்தியம் செய்தபின் சாவி இடுப்பிலிருந்து வெளிப்படும். ஆனால் அலமாரிக்கும் அவருக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடப்பதற்குள் சரித்திரம் ஒன்று குறுக்கிடும். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் வித்தையைக் கண்டுபிடித்திராவிட்டால், கோடையில் பிசுபிசுத்துக் குளிரில் விறைக்கும் அந்தப் பாலில் பை செய்ய யாராலும் ஆகியிராது என்பார். 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனதையும், அவற்றில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்ததையும் சொல்வார். பிறகு குரல் தழுதழுக்க, 1903இல் ஸாக்ரெப் நகரத்தில் ரப்பர் வெந்நீர்ப் பைக்குக் காப்புரிமை பெற்ற பென்கலா என்ற மகானிடம் வருவார். அந்தப் பென்கலாவே 1906இல் இயந்திரப் பென்சிலுக்கும் காப்புரிமை பெற்றவர் என்பது, முப்பது வருஷத்துக்கு மேல் எழுதி எழுதியே கழுத்து நரம்பைக் கெடுத்துக்கொண்ட நம்மவருக்கு மெய்சிலிர்ப்பை உண்டாக்கும் செய்தி. "பார்த்தாயா, நோயைக் கொடுப்பதற்கு மூன்று வருஷம் முன்பே மருந்தைக் கொடுத்துவிட்ட மனுஷன்!" என்பார். எதிர்வீட்டில் இதற்குள் அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து நின்றிருப்பாள்.

பையைத் தனியே அனுப்பும் சம்பிரதாயம் இல்லையாதலால் அவரும் கூடவே எழுந்தருளுவார். அடுப்பில் நீர் தளதளவென்று கொதிப்பதைக் கண்டதும் கையை உயர்த்தித் தடுப்பார். கொதிக்கும் நீர் ரப்பரையும் கெடுக்கும், தவறிச் சிந்தினால் தோலையும் உரிக்கும். இறக்கி வைத்து ஆவியின் வேகம் அடங்கிய பிறகே ஊற்ற வேண்டும். அந்த வீட்டு மருமகப்பிள்ளை ஒரு முறை, "ஊட்டியில் நாங்கள் கொதிக்கக் கொதிக்கத்தான் ஊற்றுவோம், ஒன்றும் ஆவதில்லை" என்று சொல்லி அகப்பட்டுக்கொண்டார். உதகமண்டலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்றும், அந்த 93 டிகிரியும் பைக்கு அதிகம்தான் என்றும், மாப்பிள்ளை அந்தஸ்து பௌதிக சாஸ்திரத்தை மாற்றிவிடாது என்றும் அவருக்கு விளக்கப்பட்டது.

பிறகு கிரியைகள் ஆரம்பமாகும். கழுத்தைப் பிடித்துப் பையை நிமிர்த்தி, முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டு, மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமல் நிதானமாக ஊற்றி, மேஜைமேல் மெல்லச் சாய்த்து நீர் வாயருகே வந்து எட்டிப் பார்க்கும்வரை உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, மூடியைத் திருகி, தலைகீழாகப் பிடித்து ஒரு சொட்டும் கசியவில்லை என்று சபையோருக்குக் காட்டி, துவாலையில் சுற்றி ஒப்படைக்கும்போது, "மேலே ஏறிப் படுக்காதே, வைத்துக்கொண்டே தூங்காதே, கொஞ்சம் சூடானாலும் ஒரே இடத்தில் நெடுநேரம் இருந்தால் தோல் வெந்துபோகும். சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போன உன் மாமியார் காலில் மறந்தும் வைத்துவிடாதே, சுடுவது அவருக்குத் தெரியாது" என்பார். இவரைக் கண்டு சிரிக்கலாம்; ஆனால் இவர் சொன்னவற்றில் ஒன்றையாவது பிழை என்று தள்ளிவிட முடிகிறதா என்றால் இல்லை. இவரோடு ஒரே தெருவில் குடியிருப்பதில் உள்ள கஷ்டமே அதுதான்.

பை திரும்பி வந்ததும் முகர்ந்து பார்ப்பார். வலி தைலத்தை அரை அங்குலம் பூசிக்கொண்டு அதன்மேல் பையை வைத்தவர்கள் அக்கணமே பிடிபடுவார்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பி இளகிவிடும் என்பதைத் தமிழ்நாட்டில் தைலம் உள்ள வீடு ஒவ்வொன்றுக்கும் போய்ச் சொல்வதற்குத் தமக்கு ஆயுள் போதாதே என்ற ஏக்கம் அவருக்கு உண்டு. குற்றவாளியின் பெயரை மனத்தில் குறித்துக்கொண்டு, நீரை வடித்து, மூடியைக் கழற்றி, வெயில் படாத மூலையில் தலைகீழாகப் பையைத் தொங்கவிட்ட பிறகுதான் அவருக்குச் சாப்பாடு.

இத்தனை சம்பிரதாயங்களையும் அவருடைய மனைவி ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். சென்ற மார்கழியில் அவருக்கே மறுபடி இடுப்புப் பிடித்துக்கொண்டது. சாவி இடுப்பில் இருந்தது. அதை எடுக்க இடுப்பு இடம் கொடுக்கவில்லை. படுத்தபடியே அவர், எந்தப் பாத்திரத்தில் நீர் வைக்க வேண்டும், எவ்வளவு ஆற வேண்டும், துவாலையை எத்தனை மடிப்பு மடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுக்கொண்டிருக்கையில், அந்த அம்மாள் கல்லுப்பை இரும்புச் சட்டியில் வறுத்து, பழைய வேட்டித் துண்டில் முடிந்து, தன் உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்த்து, இடுப்பில் ஒற்றத் தொடங்கிவிட்டாள். நாலாவது மடிப்புக்கு வருவதற்குள் அவர் குறட்டை விட்டார். விழித்தெழுந்து வலி குறைந்திருப்பதைக் கண்டதும், "பை தொங்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன், அதில் பாதி குணம்" என்றார். அந்த அம்மாள் உப்பு முடிச்சை அவிழ்த்துக் கொட்டப் போய்விட்டாள்.

இவ்வாறு நடந்துவந்த பரிபாலனத்துக்கு அண்மையில் ஒரு சோதனை வந்தது. மின்சாரத்தில் செருகினால் தானே சூடேறித் தானே நின்றுவிடும் பை ஒன்று எதிர்வீட்டுக்கு வந்து, பண்டிகை கழிவதற்குள் பக்கத்து வீடுகளுக்கும் பரவியது. கொதிக்கவைக்க வேண்டாம், ஊற்ற வேண்டாம், கேட்டு வாங்கவும் வேண்டாம். திண்ணைக்கு வருவோர் அற்றுப்போனார்கள். தெருவில் உள்ளோர் மனிதர் மெலிந்துவிடுவார் என்று உள்ளூற வருந்தவும் செய்தார்கள்.

அவர் மெலியவில்லை. ஒருநாள் காலை கண்ணாடியும் நோட்டுப்புத்தகமுமாக எதிர்வீட்டுப் படியேறினார். மின்சாரம் ஏறும்போது மடியில் வைத்துக்கொள்கிறீர்களா, கம்பி நைந்திருக்கிறதா, பை உப்பியிருக்கிறதா, வாங்கிய மாதம் எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். தெருவில் உள்ள மின்சாரப் பைகள் அனைத்துக்கும் இன்று அவரிடம் ஜாபிதா இருக்கிறது. மாதம் பிறந்தால் தணிக்கை நடக்கிறது. இரவல் கேட்பவர்கள் இருந்தவரையில் அவருடைய அதிகாரம் அலமாரி ஒன்றுக்குள் அடங்கியிருந்தது. அவர்கள் ஒழிந்த பிறகு அது தெரு முழுவதும் செல்லுகிறது.