கோஷியென் பக்தர்

ஒசாகாவுக்கும் கோபேக்கும் நடுவே நிஷினோமியாவில் இருக்கிறது கோஷியென் பேஸ்பால் மைதானம். 1924-இல் திறந்தது. அதன் வலதுபுறக் கடைசி மாடத்தில், மஞ்சள் கறுப்புச் சட்டையோடு ஹான்ஷின் டைகர்ஸ் ரசிகர் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பார் என்பது பேச்சுக்குத்தான். தம் அணி பேட் செய்யும் நேரமெல்லாம் அவர் நின்றே ஆகவேண்டும். டிக்கெட் வாங்கியது ஆட்டம் பார்க்கவா, வேலை பார்க்கவா என்று நமக்குச் சந்தேகம் வந்துவிடும்.

வேலையும் கொஞ்சநஞ்சமல்ல. பேட்டர் ஒவ்வொருவருக்கும் தனிப்பாட்டு உண்டு. ட்ரம்பெட்டும் பெரிய மேளமும் எடுத்துக்கொடுக்க, இரண்டு பிளாஸ்டிக் மெகாபோன்களைத் தாளம் பிசகாமல் தட்டிக்கொண்டே பாடவேண்டும். மகன் எத்தனாவது வகுப்பு என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். பாட்டுகள் மட்டும் தலைகீழ்ப் பாடம்.

எதிரணி பேட் செய்ய வந்தால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவார். இனி அவர்கள் முறை, அவர்களுடைய ஆட்கள் பாடிக்கொள்ளட்டும்.

அதுதான் பீர் நேரம். சுமார் 15 கிலோ பீப்பாயை முதுகில் சுமந்தபடி படியேறி வரும் பெண்ணைப் பார்த்துக் கையை உயர்த்துவார். அவள் முகத்தில் சிரிப்பு மாறாமல் முழங்காலிட்டு, குழாயைத் திறந்து, நுரை விளிம்போடு நிற்கும்படி ஊற்றித் தருவாள். அன்றைய அருமையான கேட்ச் சரியாக அந்த நேரத்தில்தான் விழும். நம்மவர் நுரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனாலென்ன, அந்த ஃபீல்டர் இன்னும் இரண்டடி முன்னால் நின்றிருக்கவேண்டும் என்று அடுத்த நிமிடமே தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

திட்டுவதற்கு அவருக்குப் பரம்பரை உரிமை இருக்கிறது. 1985-இல் டைகர்ஸ் லீக் பட்டம் வென்ற இரவு, ரசிகர்கள் ஒசாகாவின் தோதொன்போரிக் கரையில் கூடினார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரர் பெயரையும் சொல்லிக் கூப்பிட, அவர் சாயலில் இருந்தவர் ஆற்றில் குதித்தார். தாடிக்கார அமெரிக்கரான ராண்டி பாஸின் முறை வந்தபோது கூட்டத்தில் அந்தச் சாயலில் ஆளில்லை. பக்கத்துக் கே.எஃப்.சி. கடை வாசலில் தாடியோடு நின்றிருந்த கர்னல் சாண்டர்ஸ் சிலையைத் தூக்கி ஆற்றில் போட்டார்கள். அந்த ஆண்டு, இரு லீக் சாம்பியன்கள் மோதும் ஜப்பான் சீரிஸையும் வென்றார்கள். அதற்கப்புறம்தான் வினை. சிலை 2009-இல் சேற்றிலிருந்து வெளியே வந்தது; அந்தக் கோப்பை மறுபடி வந்ததோ 2023-இல். முப்பத்தெட்டு ஆண்டு! கர்னலின் சாபத்தில் எல்லாம் தமக்கு நம்பிக்கையில்லை என்பார் பக்தர். சொல்லிவிட்டு, அதிர்ஷ்டத் துண்டைத் துவைக்காமல் மடித்து வைப்பார்.

அவரிடம் 33-4 என்ற கணக்கை மட்டும் பேசக்கூடாது. 2005 ஜப்பான் சீரிஸில் லோட்டே அணி நான்கே ஆட்டங்களில் டைகர்ஸை ஊதித் தள்ளியபோது, மொத்த ரன் கணக்கு அதுதான். மற்ற அணிக்காரர்கள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆனால் தோற்றாலும் மறுநாள் ஆள் ஆஜர். ஜெயித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ரொக்கோ மலைக்காற்றைப் பாடும் அணிப்பாட்டைத் தொண்டை கிழியப் பாடி முடித்துத்தான் ரயிலேறுவார். 1936-இல் அதற்கு மெட்டுப் போட்டவர் கோசெகி யூஜி. பரம வைரியான தோக்கியோவின் யோமியுரி ஜயன்ட்ஸ் பாடுகிற பாட்டுக்கும், 1963-இல், அவரேதான். ரயிலில் யாராவது இதை நினைவூட்டினால் பக்தர் அசரமாட்டார்: “நல்ல மெட்டை முதலில் எங்களுக்குக் கொடுத்துவிட்டார். மிச்சம் மீதியை அவர்களுக்கு!”