உப்பளத்து மாமாவும் ஸ்காபரோ மருமகனும்

இடம்: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டு வாசல். நேரம்: தைப்பொங்கல் காலை ஏழு மணி. சூரியன் உதிக்க இன்னும் முக்கால் மணி நேரம், உதித்தாலும் தெரியப்போவதில்லை. மருமகன் சவளோடு நிற்கிறார். ஆனையிறவு உப்பளத்தில் இளவயதில் வேலை செய்த மாமா, முதல்முறை கனடா வந்தவர், மூன்று சுவெட்டருக்கு மேல் மகளின் கோட்டையும் மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கிறார்.

மருமகன்: கதவைச் சாத்துங்கோ மாமா. காசு கட்டிச் சூடாக்கின காத்து வெளியில போகுது.

மாமா: உதில என்ன செய்யிறியள் தம்பி?

மருமகன்: சினோ தள்ளுறன். இரவிரவா 20 சென்ரிமீற்றர் கொட்டியிருக்கு.

மாமா: வருசா வருசம் எங்களுக்குப் படம் அனுப்புவியள். வெள்ளைவெளேரெண்டு முற்றம், கூலிங்கிளாசோட நீங்கள். ஒரு படத்திலயும் உந்தச் சவளைக் காணேல்லையே?

மருமகன்: அதை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கொண்டுதான் மாமா சிரிக்கிறது.

மாமா: அந்தச் சிரிப்பைப் பாத்து எங்கட ஒழுங்கையில மூண்டு பொடியள் ஏஜென்சிக்குக் காசு கட்டினவங்கள். சரி, உந்த முற்றம் 30 சதுர மீற்றர் வருமோ? அப்ப ஆறு கன மீற்றர் சினோ. கன மீற்றர் என்ன நிறை?

மருமகன்: புதுசா விழுந்தது நூறு கிலோவளவில வரும்.

மாமா: 600 கிலோ. 50 கிலோ மூட்டையில பன்னிரண்டு! உப்பளத்தில மூட்டை தூக்கினால் கூலி தந்தவங்கள். உங்களுக்கு ஆர் தருவினம்?

மருமகன்: தாறதோ? நான்தான் மாசாமாசம் பாங்குக்குக் கட்டுறன்.

(மஞ்சள் விளக்குச் சுழல, பனி தள்ளும் வண்டி தெருவால் போகிறது. முக்கால் மணி நேரமாகத் துப்புரவாக்கிய முற்றத்தின் வாயில், முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு.)

மாமா: அட, இரணைமடு அணைக்கட்டு! அவனுக்கு உங்களோட ஏதும் கோவமோ?

மருமகன்: இல்லை மாமா. அதின்ர அலகு சரிவா இருக்கும். சினோ ஓரத்துக்குத்தான் போகும். ஓரத்திலதான் நாங்கள் இருக்கிறம்.

மாமா: இடுப்பைப் பிடிக்கிறியள்?

மருமகன்: இடுப்புப் பரவாயில்லை. கனக்கக் கொட்டின மறுநாள் ஆம்பிளையளுக்கு மாரடைப்புக் கூடுதெண்டு கியூபெக்கில கணக்கெடுத்து 2017ல எழுதியிருக்கினம்.

மாமா: அதை வாசிச்சிட்டோ தள்ளுறியள்?

மருமகன்: வாசிக்கிறது இரவில. தள்ளுறது காலமை. இதெல்லாம் ஒண்டுமில்லை மாமா. 1999 ஜனவரியில ஒரு மீற்றருக்கு மேல கொட்டி, மேயர் மெல் லாஸ்ற்மன் ஆமியைக் கூப்பிட்டவர். முழுக் கனடாவும் ரொறன்ரோவைப் பாத்துச் சிரிச்சது.

மாமா: (குரலைத் தாழ்த்தி) ஆமியோ? ஊரடங்கு எத்தினை மணிக்கு?

மருமகன்: ஊரடங்கும் இல்லை, ஒண்டும் இல்லை. சவளோட வந்து வழி வெட்டிவிட்டவங்கள்.

மாமா: ஆமி வந்து, பாதையைத் திறந்துவிட்டு, திரும்பியும் போனது. உதை ஊரில சொன்னால் எனக்கு மூளை உறைஞ்சிட்டுதெண்டுதான் சொல்லுவினம்.

(மருமகன் ஒரு பையைக் கிழித்து உப்பை விசிறுகிறார். மாமா செருப்போடு ஓடிவருகிறார்.)

மாமா: நில்லுங்கோ! மிதிக்கிற இடத்தில உப்பைக் கொட்டுறியளோ?

மருமகன்: பனி உருகத்தான் மாமா. உலகத்திலேயே ஆகப் பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம் இந்த மாகாணத்திலதான், ஹூரன் ஏரிக்குக் கீழ. 500 மீற்றருக்கு மேல ஆழம்.

மாமா: நாங்கள் வெயிலிட்ட வாங்கினதை இவங்கள் பாதாளத்தில தோண்டுறாங்கள். 1990ல சண்டையால ஆனையிறவை மூடினவங்கள். பிறகு கன வருசம் நாங்கள் ஆற்றையோ உப்பில கறி வைச்சம், இஞ்ச ரோட்டுக்கு உப்பு! (ஒரு கல்லை நாக்கில் வைத்து) ம்ஹும். கறிக்கு ஆகாது.

மருமகன்: இண்டைக்கு ரோட்டுக்கும் ஆகாது. மைனஸ் பத்துக்குக் கீழ போனால் உப்புச் சரியா வேலை செய்யாது. இப்ப மைனஸ் 18.

மாமா: பிறகேன் போடுறியள்?

மருமகன்: பக்கத்து வீட்டுக்காரர் போட்டிட்டார்.

(உள்ளேயிருந்து மகளின் குரல்: “பால் பொங்கப்போகுது, வாங்கோ!”)

மருமகன்: ஒண்டு தெரியுமோ மாமா? 2016ல கனடாப் பாராளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் எண்டு அறிவிச்சது.

மாமா: பன்னிரண்டு மாசம் கிடக்க, உதைத்தானோ பாத்துத் தந்தவங்கள்?

மருமகன்: நாங்கள்தான் கேட்டு வாங்கினது. பொங்கல் வருதெல்லோ.

மாமா: அப்ப மரபில சவளும் சேர்த்திதான். தாங்கோ இஞ்ச. ஒரு படம் எடுங்கோ.

மாமா சவளை ஊன்றிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தார். மருமகன் எடுத்தார். ஊருக்கு அனுப்புவதற்கு முன் சவளை வெட்டிவிடச் சொன்னவர் மாமாதான்.